சேலத்துக் கல்லை மாவாக்க வீட்டிலேயே ஒரு பால்-மில்

மட்பாண்டத்தின்மேல் பூசிச் சுட்டுப் பளபளப்பாக்கும் பூச்சுதான் கிளேஸ். சேலம், நாமக்கல் வட்டாரத்தில் அதற்கு வேண்டிய கல்லுக்குக் குறைவில்லை. வெங்கச்சங்கல் (குவார்ட்ஸ்), பெல்ஸ்பார், மாமாங்கம் பக்கத்து வெள்ளைக்கல் (மேக்னசைட்), சங்ககிரி சுண்ணாம்புக்கல், ஓமலூர்ப் பக்கத்து மாக்கல் என எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கின்றன. ஆனால் ஒரு கிலோ அரைத்துச் சோதித்துப் பார்க்க நினைப்பவருக்குப் பெரிய பவுடர் மில் உதவாது. அங்கே எல்லாம் மூட்டைக் கணக்கு. மிக்ஸியில் போட்டால் பிளேடு தேய்ந்து இரும்பு கலக்கும், மோட்டாரும் புகையும். கிரைண்டரில் போட்டால் குழவி தேயும், பிறகு அதில் சாப்பாட்டுக்கு அரைக்கவே கூடாது. ஒரு கிலோ அளவுக்குச் சரியான கருவி பால்-மில்தான், அதாவது உருண்டைகளால் அரைக்கும் மில். படுக்கவைத்த டப்பா, அதற்குள் கடினமான உருண்டைகள், டப்பாவை மெதுவாகச் சுழற்ற இரண்டு உருளைகள், ஒரு மோட்டார். இவ்வளவுதான்.

செய்வது எளிது. ஆனால் வேகம், உருண்டையின் அளவு, உள்ளே போடும் சரக்கின் அளவு ஆகிய மூன்றில் ஒன்று தவறினாலும் நாள் முழுக்க ஓட்டியும் மணல் மணலாகவே இருக்கும். அதனால் கடைக்குப் போகும் முன்பே கணக்குப் போட்டுவிட வேண்டும்.

முதலில் ஓர் எச்சரிக்கை

இந்த மில் கல்லுக்கும் மண்ணுக்கும் மட்டும். வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் கலந்த எதையும், பட்டாசு மருந்து எதையும் இதில் போடவே கூடாது. உருண்டைகள் மோதும் இடத்தில் உராய்வும் சூடும் பொறியும் வரும். டப்பா வெடித்தால் உருண்டைகள் குண்டுகளாகப் பறக்கும். அலுமினியம், மெக்னீசியம் போன்ற உலோகத் தூளும் வேண்டாம்: காய்ந்த தூள் தீப்பிடிக்கும், தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரஜன் வாயு வந்து மூடிய டப்பாவில் அழுத்தம் ஏறும். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீர் ஊற்றி அரைக்கக் கூடாது, டப்பாவுக்குள்ளேயே கொதிக்கும். ஈயச் சேர்மங்களை வீட்டுப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

வேகம்: எல்லாம் இதில்தான்

டப்பா சுழலும்போது உருண்டைகள் சுவரோடு மேலே ஏறி, ஓர் உயரத்தில் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று உருண்டு விழ வேண்டும். அந்தச் சரிவில்தான் அரைபடுகிறது. வேகம் குறைந்தால் உருண்டைகள் அடியிலேயே வழுக்கிக் கிடக்கும். வேகம் மிகுந்தால் சுவரோடு ஒட்டிக்கொண்டு கூடவே சுற்றும், எதுவும் அரைபடாது. அப்படி ஒட்டிக்கொள்ளத் தொடங்கும் வேகத்தை எல்லை வேகம் என்று வைத்துக்கொள்வோம். கணக்கு இது: டப்பாவின் உள்விட்டத்திலிருந்து உருண்டையின் விட்டத்தைக் கழியுங்கள், இரண்டும் மீட்டரில் இருக்க வேண்டும். விடைக்கு வர்க்கமூலம் எடுத்து, அதனால் 42.3-ஐ வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பது வரும்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது சுமார் 5 லிட்டர் பிளாஸ்டிக் டப்பா. வெளிவிட்டம் 180 மி.மீ., உள்விட்டம் 172 மி.மீ., உருண்டை 20 மி.மீ. 0.172-இல் 0.020 போக 0.152. அதன் வர்க்கமூலம் 0.39. 42.3-ஐ 0.39-ஆல் வகுத்தால் 108. நமக்கு வேண்டியது எல்லை வேகத்தில் 65 முதல் 75 விழுக்காடு, அதாவது நிமிடத்துக்கு 70 முதல் 81 சுற்று. 72-ஐக் குறி வைப்போம்.

உங்கள் டப்பாவின் அளவு வேறாக இருந்தால் இந்த 72-ஐ அப்படியே எடுக்காதீர்கள். டப்பா பெரிதாகப் பெரிதாக வேகம் குறைய வேண்டும்.

டப்பா

ரசாயனமும் மருந்துப் பொருளும் அடைத்து வரும் அகன்ற வாய் எச்.டி.பி.இ. (கெட்டியான பிளாஸ்டிக் வகை) டப்பா போதும். பழைய பிளாஸ்டிக் கடைகளில் கிடைக்கும். உள்ளே முன்பு என்ன இருந்தது என்று தெரியாத டப்பாவை வாங்காதீர்கள். பக்கச் சுவர் நேராக, வரிப்பள்ளங்கள் இல்லாமல் இருக்க வேண்டும். சுவர் 3 மி.மீ.க்குக் குறையக் கூடாது. மூடி திருகு வகையாக, உடலைவிடச் சிறிய விட்டத்தில் இருக்க வேண்டும். மூடி பெரிதாக இருந்தால் உருளையில் உரசும். மூடிக்குள் 3 மி.மீ. ரப்பர் ஷீட்டில் வட்டமாக வெட்டி வாஷர் போடுங்கள். பாதி தண்ணீர் ஊற்றி, மூடி, ஓர் இரவு படுக்கவைத்துப் பாருங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் ஓடும்போது அது உருளை ரப்பரை நனைத்து டப்பாவை வழுக்கவைக்கும்.

பிளாஸ்டிக் தேய்ந்து மாவில் கலக்காதா என்று கேட்பவர்கள் உண்டு. கொஞ்சம் கலக்கும், சூளையில் எரிந்து போய்விடும். கிளேஸுக்கு அதனால் கெடுதல் இல்லை. இரும்பு டப்பாவில் வரும் துருவும் கறையும்தான் உண்மையான தொல்லை.

உருண்டைகள்

அலுமினா (அலுமினியம் ஆக்சைடு பீங்கான்) உருண்டை வாங்குங்கள். விலை கூடுதல்தான், ஆனால் இந்த மில்லில் பணம் போட வேண்டிய இடம் இதுதான். 92 விழுக்காடு அலுமினா உருண்டையின் அடர்த்தி கன செ.மீ.க்கு சுமார் 3.6 கிராம். குவித்துப் போட்டால் ஒரு லிட்டர் இடத்துக்கு ஏறக்குறைய 2.2 கிலோ பிடிக்கும். டப்பாவில் பாதி, அதாவது 2.5 லிட்டர் இடம் நிரம்ப 5.5 கிலோ வேண்டும். அதில் பாதியளவு 20 மி.மீ., கால் பங்கு 25 மி.மீ., கால் பங்கு 15 மி.மீ. இருக்கட்டும். பெரியவை உடைக்கும், சிறியவை இடுக்குகளில் நைக்கும்.

காசை மிச்சம் பிடிக்க உருண்டையைக் குறைப்பதுதான் புதியவர்கள் அதிகம் செய்யும் காரியம். கால் பாகம் மட்டும் போட்டால் வழுவழுப்பான பிளாஸ்டிக் சுவரில் உருண்டைக் கூட்டம் மொத்தமாக வழுக்கும், மேலே ஏறாது. சுவரில் பட்டை ஒட்டி ஏற்றிவிடலாம் என்றால், எச்.டி.பி.இ.யில் எந்தப் பசையும் நிற்காது. பாதிக்குக் குறையாமல் போடுவதுதான் வழி.

பேரிங் கடையின் இரும்பு உருண்டை நன்றாகவே அரைக்கும். ஆனால் அதே 2.5 லிட்டருக்கு 11 கிலோவுக்கு மேல் எடை வரும், ஈரத்தில் துருப்பிடிக்கும், வெள்ளைக் கிளேஸில் கரும்புள்ளி விழும். கஞ்சமலைக் கருங்கல்லில் இருக்கும் இரும்புத்தாதுவைப் பழுப்பு கிளேஸுக்காக அரைப்பவருக்கு அது பொருட்டல்ல, மற்றவர்களுக்கு வேண்டாம். கோலிக்குண்டு மாக்கல்லுக்கு மட்டும் தாங்கும். வெங்கச்சங்கல்லோடு போட்டால் கோலிக்குண்டுதான் முதலில் மாவாகும்.

உருளைகளும் சட்டமும்

அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டி, இளம்பிள்ளை எனத் தறி ஓடும் இடங்களில் உதிரிபாகக் கடைகள் இருக்கும். புல்லி, பெல்ட், பேரிங் மூன்றும் அங்கேயே கேட்டுப் பாருங்கள். வேண்டியவை:

- 20 மி.மீ. பிரைட் பார் (உருளைக்கான வழவழப்பான இரும்புத் தண்டு) இரண்டு: ஒன்று 450 மி.மீ., மற்றது 400 மி.மீ.
- யு.சி.பி. 204 பிளம்மர் பிளாக் (தண்டைத் தாங்கும், பேரிங் பொருத்திய தாங்கி) நான்கு
- உள்விட்டம் முக்கால் அங்குலம், வெளிவிட்டம் 30 மி.மீ. உள்ள ரப்பர் ஹோஸ், 600 மி.மீ.
- ஏ வகை புல்லி இரண்டு: 3 அங்குலம், 10 அங்குலம்
- ஏ வகை வி-பெல்ட்
- கால் ஹெச்.பி., சிங்கிள் பேஸ், 1440 ஆர்.பி.எம். மோட்டார்
- 19 மி.மீ. பிளைவுட் இரண்டு துண்டு, 300-க்கு 420 மி.மீ.
- சட்டத்துக்கு 40 மி.மீ. ஆங்கிள்

புல்லிக் கணக்கு: 1440-ஐ மூன்றால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் உருளை 432 சுற்று. அதை 30-ஆல் பெருக்கி 180-ஆல் வகுத்தால் டப்பா 72 சுற்று. ஹோஸின் வெளிவிட்டம் இதை நேரடியாக மாற்றும். கடையில் 32 மி.மீ. ஹோஸ் கொடுத்தால் டப்பா 77 சுற்று ஓடும், அது பரவாயில்லை. 36 மி.மீ. கொடுத்தால் 86-ஐத் தொட்டு எல்லை வேகத்தில் 80 விழுக்காட்டுக்குப் போய்விடும். ஆகவே காலிப்பரோடு கடைக்குப் போங்கள்.

ஹோஸை 300 மி.மீ. நீளத்துக்கு இரண்டாக வெட்டி, உள்ளே சோப்புத் தண்ணீர் விட்டுத் தண்டில் தள்ளி ஏற்றுங்கள். 20 மி.மீ. தண்டில் 19 மி.மீ. ஹோஸ் இறுக்கமாகத்தான் போகும், அந்த இறுக்கம்தான் பின்னால் சுழலாமல் காக்கும். ஒரு நாள் காயவிடுங்கள்.

இரண்டு தண்டுகளின் நடுக்கோட்டு இடைவெளி 130 மி.மீ. பிளம்மர் பிளாக்கின் அடிப்பாகமே 127 மி.மீ. நீளம் என்பதால் அதற்குக் குறைத்து அருகருகே வைக்க முடியாது, 180 மி.மீ. டப்பா விழாமல் உட்காரவும் இந்த இடைவெளி பொருத்தமாக இருக்கிறது. ஒரே தண்டில் இருக்கும் இரு பிளாக்குகளின் நடு இடைவெளி 350 மி.மீ. முதலில் நான்கையும் லேசாக முடுக்கி, மூலைவிட்டம் இரண்டையும் டேப்பால் அளந்து, சமமானதும் எம்10 போல்ட்டை இறுக்குங்கள். தண்டுகள் இணையாக இல்லாவிட்டால் டப்பா ஒரு பக்கமாக நகர்ந்து நகர்ந்து கீழே விழும். என்னதான் அளந்தாலும் கொஞ்சம் நகரும் என்பதால், டப்பாவின் இரு முனையிலும் ஓர் எல் கிளாம்பில் 608 எண் சிறு பேரிங் ஒன்றை மாட்டித் தடுப்பாக வையுங்கள். டப்பா அதில் உரசினாலும் பேரிங் கூடவே சுழலும்.

10 அங்குலப் புல்லி தண்டின் நடுவிலிருந்து 127 மி.மீ. கீழே இறங்கும். பிளம்மர் பிளாக்கின் நடு உயரமோ 33 மி.மீ.தான். பலகையைத் தரையில் வைத்துச் செய்தால் புல்லி தரையில் இடிக்கும். அதனால் ஆங்கிளில் 350 மி.மீ. உயரத்துக்குக் கால் வைத்து, மேல்தட்டில் உருளைகள், கீழ்த்தட்டில் மோட்டார் என்று இரண்டு அடுக்காக அமையுங்கள். புல்லி மேல்தட்டுக்கு வெளியே, 450 மி.மீ. தண்டின் நீண்ட முனையில் வரும். அந்த ஓர் உருளை மட்டும் ஓட்டினால் போதும், மற்றது தானாகச் சுற்றும். மோட்டாரை நேராகக் கீழ்ப்பலகையில் முடுக்காமல், ஒரு சிறு பலகையில் முடுக்கி அந்தப் பலகையைக் கீல் போட்டுத் தொங்கவிடுங்கள். மோட்டாரின் எடையே பெல்ட்டை இழுத்துப் பிடிக்கும். பெல்ட் நீளத்தைக் கயிறு சுற்றி அளந்து வாங்குவது நல்லது. இந்த அளவுகளுக்கு ஏ-43 (சுமார் 43 அங்குல நீளம்) அருகில் வரும்.

மோட்டாருக்குப் பழைய இட்லி கிரைண்டரின் மோட்டார் கிடைத்தால் விடாதீர்கள். பெயர்ப்பலகையில் 1440 என்று இருக்கிறதா பாருங்கள். தறி மோட்டார் மலிவாகக் கிடைத்தாலும் பெரும்பாலும் மூன்று பேஸ், வீட்டு இணைப்பில் ஓடாது. சட்டத்துக்குக் கட்டாயம் எர்த் கொடுங்கள். ஈரமும் மின்சாரமும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் கருவி இது. மின்கசிவு வந்தால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வழியாக மட்டும் இணைப்பு எடுங்கள். பெல்ட்டுக்குத் தகர மூடி வேண்டும். புடவை, துப்பட்டா, வேட்டி முனை எதுவானாலும் பெல்ட் இழுத்துக்கொள்ளும்.

டப்பாவைச் சுற்றி இரண்டு முனைகளிலும் சைக்கிள் டியூபில் வெட்டிய வளையம் ஒவ்வொன்று போட்டால் பிடிமானம் கூடும். ஆனால் அந்த இடத்தில் விட்டமும் 3 மி.மீ. அளவு கூடும், கணக்கில் பெரிய மாற்றம் இல்லை.

முதல் ஓட்டம்

டப்பாவில் ஒரு கோடு போட்டு, உருண்டையும் தண்ணீரும் மட்டும் வைத்து ஓட்டி, அரை நிமிடத்தில் கோடு எத்தனை முறை மேலே வருகிறது என்று எண்ணுங்கள். 36 வந்தால் சரி. 34, 35 வந்தாலும் கவலையில்லை, ரப்பர் கொஞ்சம் நழுவத்தான் செய்யும். காதையும் வைத்துக் கேளுங்கள். இடைவிடாத சரசரப்பு கேட்டால் நல்லது. ஒரே மந்தமான உரசல் என்றால் உருண்டைகள் வழுக்குகின்றன. சத்தமே அடங்கிவிட்டால் வேகம் அதிகம். சுவரில் டக்டக்கென்று அடிக்கும் சத்தம் என்றால் உள்ளே சரக்குக் குறைவு, உருண்டை உருண்டையையே தின்கிறது.

புதிய உருண்டைகளில் தூசும் கூர்முனையும் இருக்கும். ஒரு கைப்பிடி வெங்கச்சங்கல் மணலும் தண்ணீரும் போட்டு மூன்று மணி நேரம் ஓட்டி, அந்தக் கலங்கலைக் கொட்டிவிட்டுப் பிறகு உண்மையான சரக்கைப் போடுங்கள்.

சரக்கு போடுதல்

பால்-மில் கல்லை உடைக்காது. ஏற்கெனவே உடைந்ததை மாவாக்கும். 20 மி.மீ. உருண்டைக்கு ஒரு மி.மீ.க்குமேல் பெரிய பருக்கையை நொறுக்கும் பலம் கிடையாது. இரும்பு உரலில் இடித்து, ஒரு மி.மீ. சல்லடையில் சலித்துப் போடுங்கள். வெங்கச்சங்கல் இடிபட மறுக்கும். அதைச் சூளையில் 600 டிகிரிக்குமேல் சுட்டு, நீண்ட இடுக்கியால் எடுத்துத் தண்ணீரில் போட்டால் விரிசல் விட்டு எளிதாக உடையும். 573 டிகிரியில் குவார்ட்ஸ் படிகம் தன் அமைப்பை மாற்றிக்கொண்டு விரிவதே காரணம். கல் தெறிக்கும், கண்ணாடி அணியுங்கள்.

இந்த டப்பாவுக்கு 1.2 கிலோ கல்பொடி, 750 மில்லி தண்ணீர். உருண்டைகளுக்கு இடையே இருக்கும் சுமார் ஒரு லிட்டர் இடுக்கு நிறைந்து, உருண்டைகள் லேசாக மூழ்கும் அளவு இது. அரைபட்ட கலவை தோசை மாவுப் பதத்தில் இருக்க வேண்டும். அதைவிடக் கெட்டியானால் உருண்டைகள் அதில் சிக்கி மெத்தைமேல் விழுவதுபோல் அடி குறையும். 50 மில்லியாகத் தண்ணீர் சேருங்கள். நீர்த்துப்போனால் கல் உருண்டையின்மேல் ஒட்டாமல் அடியில் படிந்துவிடும்.

ஒரு கிளேஸின் எல்லாப் பொருளையும் ஒன்றாகப் போட்டு அரைப்பது வீண். பத்துக்கு அளக்கும் மோஸ் கடின அளவில் குவார்ட்ஸ் 7, பெல்ஸ்பார் 6, வெள்ளைக்கல் ஏறக்குறைய 4, மாக்கல் 1. குவார்ட்ஸை முதலில் தனியே சில மணி நேரம் ஓட்டி, பிறகு பெல்ஸ்பாரைச் சேர்த்து, வெள்ளைக்கல்லையும் சுண்ணாம்புக்கல்லையும் பின்னால் போட்டு, களிமண்ணைக் கடைசி அரை மணியில் சேருங்கள். முதலிலிருந்தே களிமண்ணைப் போட்டால் எல்லாம் கொழகொழத்து மற்றவை அரைபடாது. வெண்காரம் தண்ணீரில் கரையும், அதை மில்லில் போட வேண்டாம்.

சுடாத வெள்ளைக்கல்லைத் தண்ணீரில் அரைக்கலாம். சுட்டதை அரைத்தால் அது மெல்லத் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகத் தொடங்கும். சுட்ட சரக்கைக் காய்ந்தபடியே அரையுங்கள்.

எப்போது நிறுத்துவது

மணிக்கணக்கை நம்பாதீர்கள், சல்லடையை நம்புங்கள். மேலே சொன்ன அளவில் 162 கிராம் கலவையில் 100 கிராம் காய்ந்த கல் இருக்கும். அந்த 162 கிராமை எடுத்து 200 மெஷ் சல்லடையில் தண்ணீர் விட்டுக் கழுவி, மேலே தங்கியதைக் காயவைத்து நிறுங்கள். எத்தனை கிராமோ அத்தனை விழுக்காடு மிச்சம். ஒன்றுக்குக் கீழே வந்தால் நிறுத்தலாம். 200 மெஷ் என்பது 75 மைக்ரான் துளை. எடுத்த கலவையைத் திரும்ப டப்பாவில் ஊற்றாதீர்கள். அதில் தண்ணீர் கூடியிருக்கும்.

வெள்ளைக்கல் இரண்டு மூன்று மணியில் வந்துவிடும், பெல்ஸ்பாருக்கு ஐந்தாறு மணி, குவார்ட்ஸுக்கு எட்டுக்கும் மேல் என்று தோராயமாக வைத்துக்கொண்டு சோதிக்கத் தொடங்குங்கள். நைஸாக இருந்தால் நல்லதுதானே என்று விட்டுவிடவும் கூடாது. அளவுக்குமீறி அரைத்த கிளேஸ் காயும்போது அதிகம் சுருங்கி வெடிப்பு விடும், சூளையில் சுருண்டு பாண்டத்தின்மேல் வெறும் திட்டுகள் தெரியும்.

கொட்டும்போது அகலத் துளையுள்ள வடிதட்டை வாளிமேல் வைத்து உருண்டையோடு கவிழ்த்து, 200 மில்லி தண்ணீரை இரண்டு முறை டப்பாவில் விட்டுக் குலுக்கி அதையும் ஊற்றுங்கள். உருண்டை இடுக்கில் தங்கிய மாவு காய்ந்தால் அடுத்த சரக்கில் வந்து கலக்கும். கோபால்ட் போன்ற நிறத்துக்குத் தனி டப்பா, தனி உருண்டை வையுங்கள். எவ்வளவு கழுவினாலும் நீலம் போகாது.

காய்ந்த அரைவையும் மலைப்பனியும்

ஏற்காட்டில் மூடுபனி நாட்களில் காய்ந்த பொடி காற்றிலிருந்தே ஈரம் வாங்கிச் சுவரில் அப்பளமாக ஒட்டும். உருண்டைகள் அதன்மேல் சத்தமில்லாமல் உருளும். சரக்கையும் உருண்டையையும் 110 டிகிரியில் இரண்டு மணி நேரம் காயவைத்து, ஆறியதும் உடனே மூடி ஓட்டுங்கள். மணிக்கொரு முறை நிறுத்திச் சுவரில் ஒட்டியதைச் சுரண்டிவிடுங்கள். சேர்வராயன் மலையின் உச்சிச் செம்மண்ணைப் பழுப்பு நிறத்துக்காக அரைப்பவர்களுக்கு இன்னும் தொல்லை, அது ஈரத்தை விடவே விடாது. அதைத் தண்ணீர் விட்டே அரைத்து, ஈரம் உறிஞ்சும் பிளாஸ்டர் பலகையில் ஊற்றிக் காயவையுங்கள்.

காய்ந்த அரைவை முடிந்ததும் மூடியை உடனே திறக்காதீர்கள். கால் மணி நேரம் விட்டுத் தூசு அடங்கியபின், வீட்டுக்கு வெளியே, என்95 முகக்கவசத்தோடு திறங்கள். குவார்ட்ஸ் தூசு நுரையீரலில் படிந்தால் திரும்பி வராது, அதனால் வரும் சிலிகோசிஸ் நோயைக் குணமாக்க மருந்தும் கிடையாது. தரையில் கொட்டியதைத் துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் துடையுங்கள். முடிந்தவரை தண்ணீர் விட்டு அரைப்பதே நல்லது என்று சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

பராமரிப்பு

டப்பா நின்று உருளை மட்டும் சுற்றினால் ரப்பரில் ஈரமோ எண்ணெயோ இருக்கும், ஸ்பிரிட்டால் துடையுங்கள். மோட்டார் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே சுவிட்சை அணையுங்கள். கப்பாசிட்டர் போயிருக்கும், அல்லது பெல்ட் அளவுக்குமீறி இறுகியிருக்கும். பிளம்மர் பிளாக்கில் நிப்பிள் இருந்தால் சில மாதங்களுக்கு ஒருமுறை கொஞ்சம் கிரீஸ், அதற்குமேல் வேண்டாம். பிதுங்கி வரும் கிரீஸ் தூசைப் பிடித்து பேரிங்கை அரைத்துவிடும். உருண்டைகளை அவ்வப்போது கழுவிக் காயவைத்து நிறுத்து, 5.5 கிலோவுக்கு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு எடைக்கு 25 மி.மீ. உருண்டை மட்டும் சேருங்கள். மற்றவை தேய்ந்து தேய்ந்து சிறிய அளவுகளைத் தாமே நிரப்பிக்கொள்ளும். பாதியாக உடைந்ததையும் தட்டையானதையும் எடுத்து எறியுங்கள். டப்பாவின் சுவரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, எங்கேயாவது மெலிந்து வெளிச்சம் கூடுதலாகத் தெரிந்தால் அன்றே டப்பாவை மாற்றுங்கள்.